நாகைக் கடற்கரையும் தீரா வழக்கும்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு நண்பர்கள் பணித்தபோது, எதை எழுதுவது என்று சில நாள் தயங்கினேன். அந்நாளில் நம் இரவுப் பாடசாலையில் பயிலும் மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினார். "ஐயா, நாகப்பட்டினத்துக்கு வரலாறு உண்டு என்று பாடநூல் சொல்லுகிறது. அந்த வரலாற்றில் நாம் எங்கே இருந்தோம்?" என்பதே அவ்வினா. கேட்ட பிள்ளைக்கு வயது பதினைந்து. விடை சொல்ல வேண்டிய எனக்கு எழுபதுக்கு மேல். உடனே விடை சொல்ல இயலவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இன்று இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம்மைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு என்பதற்காக, இல்லாத பெருமையைப் புனைந்து எழுதுவது நமக்குத் தகாது. பிறர் புனைந்த பொய்யால் துன்புற்ற மக்கள் நாம். ஆதலின் கதை எது, சான்று எது என்று பிரித்துப் பார்த்தே செல்லுவோம்.

ஊரும் பெயரும்

சோழநாட்டுக் கடற்கரையில், காவிரியின் கிளையாறுகள் கடலில் கலக்கும் தாழ்ந்த நிலத்தில் அமைந்தது நாகப்பட்டினம். நாகர் என்னும் குலத்தார் வாழ்ந்தமையால் இப்பெயர் வந்தது என்பாரும், நாகராசனாகிய ஆதிசேடன் இங்கு வழிபட்டமையால் வந்தது என்பாரும் உண்டு. தேவார மூவரும் இவ்வூர்க் கோயிலை நாகைக்காரோணம் என்று பாடியுள்ளனர். வடக்கே ஒட்டிக் கிடக்கும் நாகூரில் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் தர்கா இருக்கிறது. அதன் பெரிய மினாரை எழுப்பித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயில். இம்மூன்று திருத்தலங்களுக்கும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வந்து செல்லுகின்றனர். நான்காவதாக ஒன்று இருந்தது. அதற்கு இன்று கல்லும் இல்லை, கோபுரமும் இல்லை. அதுவே இவ்வூரின் பௌத்தப் பள்ளி.

அதிபத்தரின் பொன்மீன்

நாகையின் கதைகளுள் நம் நெஞ்சுக்கு நெருக்கமானது அதிபத்த நாயனார் கதை. அவர் கடற்கரை நுளைப்பாடியில் வாழ்ந்த பரதவர் தலைவர். வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவனுக்கென்று நாள்தோறும் கடலில் விட்டுவிடுவது அவர் நோன்பு. ஒரு காலத்தில் மீன்வளம் குன்றி, நாளுக்கு ஒரு மீனே அகப்படும் நிலை வந்தது. அந்த ஒன்றையும் கடலில் விட்டு அவரும் சுற்றமும் பட்டினி கிடந்தனர். இறுதியில் ஒருநாள் மணிகள் பதித்த பொன்மீன் ஒன்று வலையில் விழுந்தது. அதையும் அவர் கடலிலேயே விட்டார் என்று பெரியபுராணம் கூறுகிறது. ஆவணித் திங்களில் நாகைக்காரோணம் கோயிலின் விழாவாக இன்றும் கடற்கரையில் பொன்மீன் விடப்படுகிறது.

இக்கதையை என் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்லி முடித்ததும் அவர், "பட்டினி கெடந்தவங் கையில பொன்னு விழுந்தா, ஊரு அவன எப்படிப் பாக்கும்னு அந்தச் சாமிக்குத் தெரியாதா?" என்று கேட்பார். சிறுவனாயிருந்தபோது இதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. ஏழையின் கையில் பொருள் இருந்தால் அது அவனுடையது என்று நம்ப ஊராரிடம் சான்று வேண்டியிருக்கிறது. அந்தச் சான்று அவனிடம் இருப்பதில்லை. இதைத்தான் அவர் சொன்னார்.

சூடாமணி விகாரம்

சான்று என்று சொன்னோம். நாகையைப் பற்றிக் கிடைத்தவற்றுள் தலைசிறந்த சான்று ஒரு செப்பேட்டுத் தொகுதி. முதலாம் இராசராச சோழனின் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டையொட்டி, ஸ்ரீவிசய நாட்டுக்கும் கடாரத்துக்கும் அரசனான மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகையில் ஒரு பௌத்த விகாரத்தை எழுப்பினான். அதன் செலவுக்காக இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். நிலம் ஏறத்தாழ 97 வேலி. அதிலிருந்து விகாரத்துக்குச் சேரவேண்டிய நெல் 8,943 கலத்துக்குச் சற்று மேல். தந்தை வாய்மொழியாக அளித்த கொடையை மகன் இராசேந்திரன் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் சேர்ந்து 21 ஏடுகள். அவற்றைக் கோத்த வளையத்தில் சோழரின் முத்திரை. பின்னர் 1090ஆம் ஆண்டில் முதலாம் குலோத்துங்கனும் இப்பள்ளிக்கு உரிய நிலங்கள் பற்றி மூன்று ஏடுகளில் ஆணை அளித்தான்.

இந்த ஏடுகள் டச்சுக்காரர் காலத்தில் நம் நாட்டை விட்டுப் போயின. ஹாலந்து நாட்டு லெய்டன் நகரப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்தமையால் 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர் பெற்றன. ஆனைமங்கலம் நம் பக்கத்து ஊர். அதன் பட்டயத்துக்குப் பெயரோ கடல் கடந்த ஓர் ஊரின் பெயர்.

இனி, இப்பட்டயம் எழுதப்பட்ட அதே காலத்தில் நம் முன்னோர் எங்கிருந்தனர்? அதற்கும் சான்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் பொறித்த கல்வெட்டுகள், ஊர்தோறும் வரி நீக்கிக் கழித்த நிலங்களைப் பட்டியலிடுகின்றன. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று வரும் அப்பட்டியலில் பறைச்சேரி என்ற சொல் வருகிறது, கம்மாணசேரி வருகிறது, தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. உழப்பறையர் என்ற பெயரும் சோழர் கல்வெட்டுகளில் காணப்படுகிறது.

இளைஞர்கள் இதை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். கடல் கடந்து வந்த வேற்று நாட்டரசனின் வேற்றுச் சமயப் பள்ளிக்கு ஓர் ஊரையே அளித்த அதே அரசாட்சியின் கணக்கில், உழுத மக்களின் குடியிருப்பு தனிச் சேரியாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. 8,943 கலம் நெல்லை விளைவித்தவர் பெயர் அந்த 21 ஏடுகளில் எங்கும் இல்லை. எல்லையில் பிடியானையை நடத்தியதும், கல்லும் கள்ளியும் நட்டதும் எழுதப்படும். நாற்று நட்டவர் எழுதப்படார். ஆகவே 'நாம் எங்கே இருந்தோம்' என்ற வினாவுக்கு முதல் விடை இது: நாம் இங்கேயே இருந்தோம். நிலத்தோடு இருந்தோம். ஏட்டில்தான் இல்லை.

பொன் புத்தரும் உறங்காப் புளியும்

நாகையின் பௌத்தப் பள்ளியைச் சுற்றி வழங்கும் கதைகளுள் ஒன்று, வைணவரின் குருபரம்பரை நூல்களில் உள்ள திருமங்கையாழ்வார் கதை. திருவரங்கத்துத் திருமதில் திருப்பணிக்குப் பொருள் வேண்டி, ஆழ்வார் நாகை விகாரத்திலிருந்த பொன்னாலான புத்தர் திருமேனியைத் தம் துணைவர்களுடன் கவர்ந்து சென்றார் என்பது கதை. செல்லும் வழியில் திருக்கண்ணங்குடியில் இரவு வந்துவிட்டது. திருமேனியை ஒரு வயலின் சேற்றில் புதைத்துவிட்டு, அருகிலிருந்த புளியமரத்தைக் காவல் வைத்து அவர் உறங்கினாராம். பொழுது விடிந்து வயலுக்கு உரியவன் உழ வந்தபோது, உறங்காதிருந்த புளி இலைகளை உதிர்த்து அவரை எழுப்பிற்றாம்.

இதற்கு மேல்தான் நாம் கவனிக்க வேண்டிய பகுதி வருகிறது. உழ வந்தவனை ஆழ்வார் தடுத்து, "இந்த நிலம் என்னுடையது" என்றார். உழவன் மறுத்தான். வழக்கு ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சென்றது. "பட்டயம் எங்கே?" என்று அவர்கள் கேட்க, "திருவரங்கத்தில் இருக்கிறது, நாளை கொண்டுவந்து காட்டுகிறேன்" என்றார் ஆழ்வார். அவருக்கு ஒரு நாள் தவணை தரப்பட்டது. அன்றிரவே திருமேனியைத் தோண்டி எடுத்துக்கொண்டு அவர் ஊர் கடந்தார். வழக்கு தீரவே இல்லை. உறங்காப் புளி, ஊறாக் கிணறு, காயா மகிழ் என்பவற்றோடு தீரா வழக்கும் அவ்வூருக்குரிய அதிசயமாக இன்றும் சொல்லப்படுகிறது.

இக்கதையை வரலாறாகக் கொள்ள இயலாது. ஆழ்வாரின் காலத்தை அறிஞர் பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டை ஒட்டி வைக்கின்றனர். சூடாமணி விகாரம் 1006ஐ ஒட்டியது. ஆகவே கதை உண்மையாயின் அதற்கு முன்பே வேறொரு விகாரம் நாகையில் இருந்திருக்க வேண்டும். அன்றேல் பிற்காலத்தார் தம் காலத்து விகாரத்தை மனத்திற்கொண்டு இக்கதையைக் கட்டியிருக்க வேண்டும். அடியார் பெருமையைச் சொல்ல எழுந்த கதையை வைத்து இன்று எவரையும் பழிப்பதும் அறிவுடைமை ஆகாது. ஆயினும், கதை என்பது அதைச் சொன்னவர் அறியாமலே சில உண்மைகளைச் சுமந்து வரும். இருக்காத பட்டயத்தைக் காட்டுகிறேன் என்ற சொல் ஒரு நாள் தவணை பெற்றது. மண்ணில் நின்று உழுதவன் சொல் அவ்வாறு செல்லவில்லை. இது எந்த நூற்றாண்டிலும் நம் வயல்வெளிகளில் நடந்ததே.

இடிந்த கோபுரம்

பொன் புத்தர் கதை எவ்வாறாயினும், செம்பாலான புத்தர்கள் மெய்யாகவே கிடைத்தனர். நாகைக்கு வடக்கே, கடற்கரை வெளியில், மூன்று நிலைச் செங்கற் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. புதுவெளிக் கோபுரம் என்றும் சீனக் கோபுரம் என்றும் அதை அழைத்தனர். 1267ஆம் ஆண்டில் கட்டி முடிந்ததாகச் சீன எழுத்துப் பொறித்த செங்கற் கோபுரம் ஒன்றைப் பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் குறித்திருக்கிறார். அது நாகையில் இருந்ததே என்பர் ஆராய்ச்சியாளர். பர்மிய மன்னன் தம்மசேதியின் கல்யாணிக் கல்வெட்டு, 1470களில் பர்மாவின் பிக்குகள் நாகைக்கு வந்து பழைய விகாரம் இருந்த இடத்தைக் கண்டு வணங்கினர் என்று கூறுகிறது. எனவே சோழர் காலத்தோடு பௌத்தம் இங்கே அற்றுப் போய்விடவில்லை.

1846ஆம் ஆண்டில் சர் வால்டர் எலியட் என்னும் ஆங்கில அதிகாரி அக்கோபுரத்தைப் பார்வையிட்டார். கூரையும் உள்தளங்களும் வீழ்ந்து, சுவர்கள் மட்டும் நின்றன. கடலோடிகளுக்கு அது கரை அடையாளமாக விளங்கிற்று. அவ்விடம் பின்னர் ஏசு சபைப் பாதிரிமாரின் கல்லூரிக்கு உரியதாயிற்று. 1856ஆம் ஆண்டில் கோபுரத்தின் அருகே ஒரு பெருமரத்தை வெட்டியபோது அதன் வேரடியில் ஐந்து புத்தர் திருமேனிகள் வெளிப்பட்டன. 1859இல் கோபுரத்தை இடிக்க அனுமதி கேட்கப்பட்டது. 1867இல் அரசு இசைவளித்தது. கோபுரம் இடிக்கப்பட்டது. அதன் பின்னரும் வெளிப்பாளையம் முதலிய இடங்களில் 1930கள் வரை கிடைத்த திருமேனிகளைச் சேர்த்தால் ஏறத்தாழ 350 ஆகும். அவற்றுள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். அவற்றைப் பற்றி டி. என். இராமச்சந்திரன் எழுதிய நூல் 1954இல் வெளிவந்தது.

கோபுரம் இடிந்ததற்கு யாரைக் குறை சொல்வது? அன்று அதைத் தமக்குரியது என்று சொல்லிக் கேட்க ஒரு சமூகம் இல்லை. சைவருக்கு அது வேற்றிடம். வைணவருக்கும் இசுலாமியருக்கும் அப்படியே. உரியவர் இல்லாத நினைவுச் சின்னம் வெறும் செங்கல்லாகவே எண்ணப்படும்.

கோபுரம் வீழ்ந்து நாற்பது ஆண்டுகளுக்குள், அதற்கு உரியவர் நாமே என்று சொல்ல ஒருவர் தோன்றினார். பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, 1907இல் 'தமிழன்' இதழைத் தொடங்கி, தாழ்த்தப்பட்டோர் என்று சொல்லப்பட்ட மக்கள் பூர்வ பௌத்தர்களே என்று வாதிட்டார். அவருக்குப் பின், 1948இல் அண்ணல் அம்பேத்கரும் தீண்டாமையின் தோற்றத்தைப் பௌத்தத்தின் வீழ்ச்சியோடு இணைத்து எழுதினார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார்.

நாகைச் சான்றுகள் இவ்வாதத்தை மெய்ப்பிக்கின்றனவா? நேர்மையாகச் சொன்னால், செப்பேடு ஓர் அரசன் மற்றோர் அரசனுக்குத் தந்த கொடையைச் சொல்லுகிறது. சேரி மக்கள் பௌத்தராயிருந்தனர் என்று அது சொல்லவில்லை. ஆயினும் ஒன்றை அது ஐயமின்றி நிலைநாட்டுகிறது. இக்கடற்கரை எக்காலத்தும் ஒரே சமயத்தின், ஒரே குலத்தின் உடைமையாக இருந்ததில்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்ற ஓர் அறம் இங்கே ஐந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் ஒலித்தது. அதை நம் மரபாக ஏற்க நமக்குப் பட்டயம் வேண்டியதில்லை.

கப்பலேறியவர்கள்

நாகைத் துறைமுகத்தை ஆண்டவர் பலர். போர்ச்சுகீசியர் இருந்தனர். 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றினர். 1690இல் பழவேற்காட்டிலிருந்து தம் தலைமையிடத்தை நாகைக்கு மாற்றினர். 1781இல் ஆங்கிலேயர் பிடித்தனர். இவை பாடநூலில் உள்ளன. பாடநூலில் இல்லாத ஏற்றுமதி ஒன்று உண்டு. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் பஞ்சம் வாட்டியபோது, உணவுக்காகத் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற ஆயிரக்கணக்கான மக்களை டச்சுக் கும்பினியார் இக்கரையிலிருந்து அடிமைகளாக இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கொண்டு சென்றனர்.

அடிமை வாணிகம் ஒழிந்தபின் ஒப்பந்தக் கூலி முறை வந்தது. அதன்பின் கங்காணி முறை வந்தது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் பெருந்துறை நாகப்பட்டினமே. உள்நாட்டிலிருந்து இரயிலில் வந்தவர்களை முகாமில் தங்கவைத்து, மருத்துவர் பார்த்து, கப்பல் தளத்தில் ஏற்றுவர். பினாங்கை அடைந்ததும் நோய் ஐயத்துக்காகச் ஜெரஜாக் தீவில் நாள்கணக்கில் நிறுத்துவர். போனவர்களில் நம்மவர் மிகப் பலர். 1938இல் இந்திய அரசு இவ்வாறு ஆள் சேர்த்து அனுப்புவதைத் தடை செய்தது. அதன் பின்னரும் பயணிகள் கப்பல் ஓடிற்று. 'ரஜுலா' என்னும் கப்பலை நினைவில் வைத்திருக்கும் முதியவர் இன்னும் உள்ளனர். அது 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிற்று.

என் பாட்டனார் கங்காணியோடு சென்று ஒன்பது ஆண்டு பால்மரம் வெட்டித் திரும்பியவர். அவர் கொண்டுவந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி, அறுபது ரூபாய். அந்த அறுபது ரூபாயையும் தாம் குடியிருந்த மனைக்கு விலையாகப் பண்ணையின் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து, ஒரு தாளைப் பெற்றுப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை எவரிடமும் காட்டவில்லை. நான் எட்டாம் வகுப்பில் தேறிய அன்று என்னை அருகே அழைத்து, "தம்பி, இதுல நம்ம மனை எத்தனை குழின்னு போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு" என்றார்.

படித்தேன். அதில் மனையும் இல்லை, குழியும் இல்லை. 'பழைய நெல் கடன் பாக்கியில் வரவு ரூபாய் அறுபது' என்று மட்டுமே எழுதியிருந்தது. அவர் பட்டயம் என்று காத்து வந்தது, தாம் பட்டிராத கடனுக்கு ஒரு ரசீது. என்ன எழுதியிருக்கிறது என்று அவர் மீண்டும் கேட்டார். நான், "சரியாத் தெரியல தாத்தா, எழுத்து அழிஞ்சிருக்கு" என்று பொய் சொன்னேன். அவர் தாளை மடித்துப் பழையபடி பெட்டியில் வைத்தார். படித்தவன் சொன்ன சொல்லை அவர் ஐயுறவில்லை. அன்று சொன்ன பொய் இன்றும் என்னை உறுத்துகிறது.

மண்ணும் தீயும்

கீழ்த்தஞ்சையின் பண்ணையாள் முறையை நம் இளைஞர் நூலில் படித்தே அறிய வேண்டிய காலம் வந்திருப்பது மகிழ்ச்சி. சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த நாள்களில், 1940களில் பி. சீனிவாசராவ் முதலானோர் சேரிகளில் தங்கி விவசாயிகள் சங்கத்தைக் கட்டினர். 1952இல் தஞ்சை குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கூலி உயரவில்லை. கூலி உயர்வு கேட்டதன் விளைவாக, 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் புகுந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது.

ஆனைமங்கலமும், திருக்கண்ணங்குடியும், கீழ்வெண்மணியும் ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை. நெல்லைக் கலம் கலமாகக் கணக்கிட்ட செப்பேட்டின் ஊரும், தீரா வழக்கின் ஊரும், தீக்கிரையான ஊரும் ஒரே வயல்வெளியில் கிடக்கின்றன.

இத்தனைக்கும் பிறகு சில மாற்றங்கள் வந்தன. 1971இல் தமிழ்நாடு அரசு குடியிருப்பு உரிமைச் சட்டத்தை இயற்றி, பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளருக்கு மனையை உரிமையாக்கிற்று. என் பாட்டனார் அதற்குள் காலமாகிவிட்டார். பட்டா என் தந்தையார் பெயரில் வந்தது. அந்தப் பட்டாவை நான் வரிவரியாகப் படித்து, வீட்டில் எல்லோரும் கேட்க உரக்கச் சொன்னேன். எத்தனை குழி என்றும் சொன்னேன். 1981 முதல் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் 'லாப்டி' என்னும் அமைப்பின் வழியாக ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற பெண்களின் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தனர். பெண்ணின் பெயரில் பட்டா என்பது இச்சீமை முன்பு காணாத ஒன்று.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடல் குலம் பார்க்கவில்லை. ஆனால் நிவாரணத்தின்போது மனிதர் பார்த்தனர். படகு இழந்தவர், வலை இழந்தவர் என்று பட்டியல் எழுதப்பட்டது, அது வேண்டியதே. படகும் வலையும் சொந்தமாக இல்லாமல் கரையில் கூலிக்கு உழைத்தவரும், உப்புநீர் ஏறிய வயலில் வேலை இழந்தவரும் அப்பட்டியல்களில் எளிதில் இடம் பெறவில்லை. முகாம்களில் நம்மவர் ஒதுக்கப்பட்டதையும் அன்று ஆய்வு செய்த குழுக்கள் எழுதி வைத்துள்ளன. ஆயிரம் ஆண்டு கழித்தும், ஏட்டில் பெயர் இல்லாமையே நம் முதற் குறையாக இருந்தது.

இளைஞர்க்கு

மாணவத் தம்பியின் வினாவுக்கு இப்போது விடை சொல்லலாம். நாகையின் வரலாற்றில் நாம் வயலிலும், சேரியிலும், கப்பல் தளத்திலும், ரப்பர்க் காட்டிலும் இருந்தோம். எழுதுகோல் பிடித்தவர் பக்கத்தில் மட்டும் இல்லை. அந்த இடத்தை நிரப்புவதற்காகவே நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடுபடுகிறது.

ஆதலின் மூன்று வேலைகளை உங்களிடம் ஒப்படைக்கிறேன். முதலாவது, சென்னைக்குச் செல்வோர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்று நாகைப் புத்தர்களை ஒருமுறை நின்று பாருங்கள். அவை நம் ஊர் மண்ணிலிருந்து எடுத்தவை. இரண்டாவது, உங்கள் வீட்டு முதியவர்களிடம் பினாங்குக் கதையையும், பண்ணைக் கதையையும், சங்கத்துக் கதையையும் கேட்டு, சொன்னவர் பெயரோடும் நாளோடும் எழுதி வையுங்கள். அவர்கள் சொல்லுவதில் கதை எது, நடந்தது எது என்று பின்னர் ஆராயலாம். இப்போது எழுதாவிட்டால் ஆராய ஒன்றும் இராது. மூன்றாவது, வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு தாளையும் படியுங்கள். மனைப் பட்டா இறந்தவர் பெயரிலேயே இருந்தால், வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து வாரிசுகளின் பெயருக்கு, பெண்மக்கள் பெயரையும் சேர்த்து, மாற்றிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் உள்ளதைப் படித்து, அது கசப்பானதாயினும், வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நான் என் பாட்டனாருக்குச் சொல்லத் தவறினேன். நீங்கள் தவறாதீர்கள்.